வாடகை குறைவுதான், ஆனா ஏரியா…

சென்னையில் வீடு தேடுகிறவர்களின் பேச்சு சில வருடங்களாக மாறியிருக்கிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், போரூர் என்று அலைந்து களைத்தவர்கள் இப்போது, 'தண்டையார்பேட்டை எப்படி?', 'பெரம்பூர் பக்கம் பார்க்கலாமா?', 'திருவொற்றியூர் ரொம்பத் தூரமோ?' என்று விசாரிக்கிறார்கள். கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'வாடகை குறைவுதான், ஆனா ஏரியா…' அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. முடிக்காமலேயே கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

அதை நம்பியே பல குடும்பங்கள் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கூடுதல் வாடகை கொடுத்து வேறு பக்கம் குடியிருக்கின்றன. நம்பாமல் துணிந்து போன சில குடும்பங்களோ, முதல் பெருமழையில் மிக்ஸியையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, 'இதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?' என்று கேட்கின்றன. வடசென்னைக்கு வீடு மாறுகிறவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் நஷ்டம் குடும்பங்களுக்கு. ஆதாயம் யாருக்கு என்றால், நிர்வாகத்துக்கு. பழி முழுவதும் அங்கே வாழும் மனிதர்கள்மேல் விழுந்துவிடுவதால், கால்வாயையும் காற்றையும் தெருவிளக்கையும் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை.

மலிவின் காரணம்

வடசென்னை தானாக மலிவாகிவிடவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் (பி அண்டு சி) ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். துறைமுகம், ரயில்வே பணிமனைகள், திருவொற்றியூரின் தீப்பெட்டி ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை என்று நகரத்தின் உழைப்பெல்லாம் இந்தப் பக்கம்தான் நடந்தது.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பி அண்டு சி ஆலை 1996-ல் மூடப்பட்டது. வேலை குறைந்ததே தவிர, வேலையோடு வந்த புகை குறையவில்லை. மணலியில் பெட்ரோலிய, உர ஆலைகள், எண்ணூரில் அனல் மின் நிலையங்களும் சாம்பல் குட்டைகளும், கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை மேடு. நகரம் தன் வீட்டு வாசலில் இருக்கக் கூடாது என்று நினைத்தவற்றையெல்லாம் வடக்கே தள்ளியது. அதற்கான தள்ளுபடிதான் அங்கே வாடகையில் தெரிகிறது.

இப்போது மாற்றம் வேகமெடுத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகரை எட்டியது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி செல்லும் பாதை பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாக வருகிறது. பி அண்டு சி ஆலை இருந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் பிறகு பல மடங்கு விரிந்தது. ஆக, இன்றைய வடசென்னை பழையதும் இல்லை, புதியதாகவும் ஆகிவிடவில்லை. ஒரே சாலையின் ஒரு பக்கம் நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி. மறுபக்கம் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசை. இப்படி இரண்டும் கெட்டான் நிலையில் இருக்கும் பகுதிக்கு வீடு மாற்றுகிறவர்களுக்குப் பொத்தாம் பொதுவான அறிவுரை எதுவும் உதவாது.

ரவுடி பயம்

வடசென்னை என்றதும் மனதில் ஓடுவது பெரும்பாலும் சினிமா. வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு ஆகிய பெயர்களைக் கத்தியும் ரத்தமும் இல்லாமல் திரையில் கேட்டவர்கள் குறைவு. 'குட்டி பிரேசில்' என்று சொல்லும் அளவுக்கு வியாசர்பாடி கால்பந்து விளையாடுகிறது. 2024-ல் உலக கேரம் சாம்பியன்ஷிப்பில் தங்கப் பதக்கங்களோடு திரும்பிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போனவர். இந்தச் செய்திகள் ஒரு நாள் நாளிதழில் வந்து போய்விடுகின்றன. படங்கள் திரும்பத் திரும்பத் தொலைக்காட்சியில் ஓடுகின்றன.

அதற்காக, 'அதெல்லாம் பழைய கதை சார்' என்று புரோக்கர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2024 ஜூலையில் ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். மாநகரக் காவல் ஆணையரே மாற்றப்பட்டார். கும்பல்களின் பகையும் பழிக்குப் பழியும் கற்பனை அல்ல. ஆனால், இத்தகைய கொலைகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு இடையே நடப்பவை. புதிதாகக் குடிவரும் வங்கி ஊழியரையோ செவிலியரையோ அந்தப் பகை தேடி வருவதில்லை. அவர்களுக்கு நேரக்கூடியது வேறு: செல்போன் பறிப்பு, வாசலில் நிறுத்திய பைக் காணாமல்போவது, மதுக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் மாலைக்குமேல் நடக்க முடியாமை, முனையில் கூடும் கஞ்சா கோஷ்டி. இவை தி.நகரிலும் உண்டு, தாம்பரத்திலும் உண்டு. எந்தப் பேட்டை என்பதைவிட எந்தத் தெரு, அந்தத் தெருவின் எந்த முனை என்பதுதான் இவற்றைத் தீர்மானிக்கிறது.

எனவே, பகல் 11 மணிக்குப் புரோக்கரின் பைக்கில் போய் வீடு பார்ப்பது பாதி பார்த்தது மாதிரிதான். வேலை நாளில் இரவு ஒன்பதரைக்கு மெட்ரோவில் இறங்கி, வீடுவரை நடந்து பார்க்க வேண்டும். தண்டையார்பேட்டையின் உள்தெரு ஒன்றில் அந்நேரத்துக்குக் கண்ணில் படுபவை இவை: தள்ளுவண்டியில் இட்லிக் குண்டானிலிருந்து ஆவி பறக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் கீரை ஆய்கிறார்கள். தெருவிளக்குக்குக் கீழே கேரம் பலகையைச் சுற்றி ஏழெட்டுப் பையன்கள். இஸ்திரி வண்டிக்காரர் கரியைத் தணித்துக்கொண்டிருக்கிறார். புதிய ஆள் நுழைந்ததும் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பார்வை மிரட்டலாகப் படலாம். ஒரு மாதம் குடியிருந்த பிறகு அதுதான் காவல். பணியில் இருக்கும் மகள் பத்தரைக்குத் திரும்பினால், 'இன்னிக்கு லேட்டாம்மா?' என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது. இதே சாலையில் இரண்டு தெரு தள்ளி, பூட்டிய கிடங்குச் சுவரும் வரிசையாக நிறுத்திய கன்டெய்னர் லாரிகளும் மட்டும் இருக்கும் நீளமான நடை ஒன்றும் உண்டு. அங்கே பகை இல்லை, ரவுடி இல்லை, மனிதர்களே இல்லை. எனக்கு அந்த நடைதான் பயம்.

விசாரிக்க வேண்டியது பெண்களிடம். தையல் கடைக்காரர், பூ விற்பவர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோருக்குத் தெரியாமல் தெருவில் எதுவும் நடக்காது. 'எத்தனை மணிவரைக்கும் கடை இருக்கும்?', 'பொண்ணு டியூஷன் முடிஞ்சு தனியா வருமா?' என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதில், எந்தக் குற்றப் புள்ளிவிவரத்தையும்விட நெருக்கமானது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. 'நல்ல ஏரியா' என்று பெயரெடுத்த இடங்களில் 'டூலெட்' பலகைக்குப் பின்னால் எழுதப்படாத நிபந்தனைகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும், குடும்பங்கள் மட்டும் என்று ஆரம்பித்து, பெயரைக் கேட்டதும் 'வீடு நேத்தே போயிடுச்சு' என்பதுவரை. இஸ்லாமியக் குடும்பத்துக்கும், சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கப்படும் தலித் குடும்பத்துக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும் அங்கே வீடு கிடைப்பதே போராட்டம். கிடைத்தாலும் குனிந்த தலையோடுதான் வாழ வேண்டும். அவர்களில் பலர் மண்ணடி, ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று வருவது வாடகைக்காக மட்டுமல்ல. யாரும் எதுவும் கேட்காத இடம் என்பதற்காகவும்தான். அவமானப்படாமல் வாழ்வதும் பாதுகாப்பில் சேர்த்திதானே.

சுவரில் தெரியும் வெள்ளம்

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? முதலில் தண்ணீருக்கு. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இது தாழ்வான, சமதளமான பூமி. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கடலை அடைய வேண்டும். ஓரிடத்தில் அடைத்தாலும், கடல் மட்டம் உயர்ந்தாலும், தண்ணீர் வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்பட்டது என்ற செய்தி வராமல் இங்கே ஒரு மழைக்காலம் போவது அரிது.

வீட்டுக்காரர் இதைச் சொல்ல மாட்டார். வீடே சொல்லும். சுவரில் இடுப்பளவு வரைக்கும் மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா? கீழ்ப்பகுதியில் மட்டும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறதா? மின் மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியிருக்கின்றனவா? வாசலில் சம்பந்தமில்லாமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை இருக்கிறதா? கதவின் அடிப்பலகை மட்டும் உப்பிப் போயிருக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே, தண்ணீர் உள்ளே வந்து போயிருக்கிறது என்று பொருள். சாலை மேல்மேலே போடப்பட்டு, வீடு சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். அந்தத் தெருவில் முதல் மாடி வீடு கிடைத்தால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது காற்று. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் இரண்டு முறை தலைப்புச் செய்தியானது. வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. அந்தக் கறுப்பு கழுவி முடிவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவு உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அங்கே எந்த ரவுடிக்கும் பயந்து ஒரு ஊரே இரவோடு இரவாக வெளியேறியதில்லை. கொடுங்கையூரில் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடந்தாலும், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராட வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ, மூச்சுத் திணறலுள்ள பெரியவரோ இருந்தால், ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் காயும் துணி எப்படி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பெரம்பூரில் கிடைக்கும் பதிலும் மணலியில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும் 'நார்த் மெட்ராஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதன் அபத்தம் அப்போது விளங்கும்.

மிச்சம் எவ்வளவு?

இனி பணக் கணக்கு. மாதம் 45,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம், தெற்கே 18,000 ரூபாய் வாடகையை விட்டு வடக்கே 11,000 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 7,000. வேலை தெற்கிலேயே இருந்தால் போக்குவரத்துச் செலவில் 2,000 கூடும். கேன் தண்ணீர், எப்போதாவது லாரித் தண்ணீர் என்று 800. இரவு நேரத்தில் மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ என்று 1,200. கையில் நிற்பது 3,000, வருடத்துக்கு 36,000. நல்ல தொகைதான். ஆனால், ஒரே ஒரு முறை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிளைவுட் கட்டில், பைக் என்ஜின், ஒரு வாரச் சம்பளம் எல்லாம் சேர்ந்து அந்த வருட மிச்சத்தை விழுங்கிவிடும். தண்ணீர் நிற்காத தெருவில், மெட்ரோவுக்கு நடந்துபோகும் தூரத்தில், முதல் மாடியில் 12,500 ரூபாய்க்குக் கிடைக்கும் வீடுதான் உண்மையில் மலிவு. ஆட்டோ செலவும் மிச்சமாகும்.

அதே சமயம், வரவுப் பக்கத்தில் பலரும் எழுத மறந்துவிடுபவையும் உண்டு. அவசரத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை, பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. துணிமணிக்கு எம்.சி. ரோடு, மீனுக்குக் காசிமேடு. மாதச் சாமான் விலையிலேயே வித்தியாசம் தெரியும். சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், மெட்ரோ செலவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன.

மலிவில் இருக்கும் ஒரு பெரிய பள்ளம் 'லீஸ்'. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து வாடகையே இல்லாமல் இருப்பது, வடசென்னையில் இன்றும் புழக்கத்தில் உள்ள ஏற்பாடு. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுகிறார்கள். அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வங்கி ஜப்திக்கு வந்து நின்றால், லீஸ்காரர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். சில இடங்களில் லீஸ் கொடுப்பவர் உரிமையாளரே அல்ல. மாத வாடகைக்கு எடுத்து லீஸுக்குக் கைமாற்றிவிடும் இடைத்தரகர். வில்லங்கச் சான்று பார்க்காமல், உரிமையாளரை நேரில் சந்திக்காமல், வெறும் முத்திரைத்தாளை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

வாடகைக்கும் சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. நடைமுறையிலோ பத்து மாத அட்வான்ஸும் பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தமும்தான் இன்னமும் ஓடுகின்றன. சேமிப்பு முழுவதும் அட்வான்ஸில் முடங்கிக் கிடக்கும் குடும்பம், பிடிக்காத வீட்டை விட்டு உடனே வெளியேற முடியாது. வெளியேற முடியாத வீட்டை எப்படிப் பாதுகாப்பான வீடு என்பது?

இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

மெட்ரோ வந்தது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கக் கூடியவர்கள் வந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். இதில் யார்மேலும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், மூன்று தலைமுறையாக அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் மீன் வியாபாரியின் குடும்பமோ, துறைமுகச் சுமைத் தொழிலாளியின் குடும்பமோ எங்கே போகும்? நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குவித்து, அந்த முகவரிகளையும் 'அந்த ஏரியாவா?' என்று கேட்கவைத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. இருந்த இடத்திலேயே கட்டித்தரப்பட்டதற்கும் உத்தரவாதம் இருக்கவில்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021-ல் சுவரைத் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது.

கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் பையன்களும், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களும்தான் புதிதாக வருபவருக்குக் காவல் என்றால், அவர்களைத் துரத்திவிட்டு வரும் 'வளர்ச்சி' அந்தக் காவலையும் சேர்த்தே துரத்திவிடும். பிறகு கேட்டில் செக்யூரிட்டியும் கேமராவும் வைத்து, அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டிவரும். மலிவைத் தேடி வந்தவர்கள் அந்த மலிவையும் இழந்து நிற்பார்கள்.

அரசு செய்ய வேண்டியவை வானத்தை வளைக்கும் வேலைகள் அல்ல. கடந்த வெள்ளங்களில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று மாநகராட்சி தெருவாரியாக வெளியிடலாம். வாடகைக்கு வருகிறவருக்கு அது உரிமை. மெட்ரோ நிலையத்திலிருந்து உள்தெருக்கள் வரை இரவு கடைசி ரயில் நேரத்துக்குச் சிற்றுந்தும், அந்த வழி முழுக்க விளக்கும் வேண்டும். கிடங்குச் சுவர்களை ஒட்டிய சாலைகளில் லாரிகளை நிறுத்துவதற்கு முடிவு கட்ட வேண்டும். ஆலைப் பகுதிகளில் காற்றின் அளவீட்டை மக்கள் பார்க்கும்படி தெருமுனையிலேயே காட்ட வேண்டும். வாடகைச் சட்டத்தின் பதிவை எளிதாக்க வேண்டும். வளர்ச்சித் திட்டத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்தோடும், ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடுகளும் எழ வேண்டும்.

வடக்கே குடிவருகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. படிப்பும் மனு எழுதும் பழக்கமும் உள்ள புதியவர்கள், தங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் விளக்கு வேண்டும் என்று தனியாகக் கேட்டால் அதை வாங்கிவிடவும் கூடும். கால்வாய் அடைப்பைப் பற்றி முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பழையவர்களோடு உட்கார்ந்து, தெரு முழுமைக்கும் சேர்த்துக் கேட்கட்டும். அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எந்தக் கவுன்சிலருக்கும் சிரமம்.